தலைக்கு மேல மாட்டுன பலகை: கடவுள்தான் ராஜான்னா மத்த ராஜாக்கள் யாரு?

சிலுவை சொரூபத்துல இயேசு தலைக்கு மேல சின்னதா ஒரு பலகை இருக்கும், அதுல ஐ.என்.ஆர்.ஐ.ன்னு நாலு எழுத்து. சின்ன வயசுல எனக்கு அது சொரூபம் செஞ்ச கம்பெனி பேருன்னுதான் நினைப்பு. ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அது லத்தீன்ல ஒரு வாக்கியத்தோட முதல் எழுத்துங்கன்னு. "நாசரேத்து இயேசு, யூதர்களின் ராஜா". அதுவும் புகழ்ந்து எழுதுனது இல்ல, இந்த ஆளை எதுக்காகக் கொல்றோம்னு ரோம ஆளுநர் பிலாத்து எழுதி மாட்டுன குற்றச்சாட்டு. இப்போ சொல்லணும்னா எஃப்.ஐ.ஆர்.ல போடுற செக்ஷன் மாதிரி.

எபிரேயம், லத்தீன், கிரேக்கம்னு மூணு பாஷையில எழுதி மாட்டுனாங்கன்னு யோவான் நற்செய்தி சொல்லுது. கோவில் தலைமைக் குருக்கள் ஓடி வந்து "ராஜான்னு எழுதாதீங்க, தன்னை ராஜான்னு சொல்லிக்கிட்டான்னு எழுதுங்க"ன்னு திருத்தம் கேக்குறாங்க, அவரு "நான் எழுதினது எழுதினதே"ன்னு முடிச்சிடறாரு. கிறிஸ்தவத்துல கடவுளோட அரசாட்சிங்கிற நம்பிக்கையைப் புரிஞ்சுக்க இந்தப் பலகையில இருந்து ஆரம்பிக்கிறதுதான் சரின்னு எனக்குப் படுது, ஏன்னா அந்தப் பட்டம் ஊரறிய முதல்ல மாட்டப்பட்டதே ஒரு வம்பா, ஒரு கேலியாத்தான்.

தமிழ்ல படிக்கிறவங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. சாமியை ராஜான்னு சொல்றது நமக்கு பழகிப்போன விஷயம், காதுல விழுந்தாலும் உறைக்காது. கோ இருக்கிற இல்தான் கோயில். ஆண்டவர்ன்னா ஆள்றவர். இறைங்கிற ஒரே சொல்லு கடவுளுக்கும் வரும், ராஜாவுக்கும் வரும், ராஜா வாங்குற வரிக்கும் வரும். முறை செய்து காப்பாத்துற மன்னவன் மக்களுக்கு "இறையென்று வைக்கப் படும்"னு குறள் 388லயே இருக்கு, அதிகாரத்துக்குப் பேரே இறைமாட்சி. அதாவது நல்ல ராஜா கடவுள் மாதிரி, கடவுள் பெரிய ராஜா மாதிரி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசையா இருக்கும். பைபிள்ல கதை அப்படி சுமூகமா போகல, அங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வாய்க்கா வரப்பு தகராறு மாதிரி ஒண்ணு கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கு, இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது அந்தத் தகராறைத்தான்.

அக்கம்பக்கம் எப்படி இருந்துச்சுன்னு மொதல்ல பாக்கணும். எகிப்துல பார்வோன் சூரியக் கடவுள் ராவோட மகன். மெசபடோமியாவுல அக்காத் நாட்டு ராஜா நாராம்சின், கி.மு. 23ஆம் நூற்றாண்டு ஆளு, தன் பேருக்கு முன்னாடி கடவுள்களுக்குப் போடுற குறியை தானே போட்டுக்கிட்டாரு, பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கிற கல்லுல கொம்பு வச்ச தலைக்கவசத்தோட மலை ஏறுவாரு, கொம்புங்கிறது அங்க தெய்வத்துக்கு மட்டும் உள்ள அடையாளம். ஹமுராபி அந்த அளவுக்குப் போகல, ஆனா அவரோட சட்டக் கல்லுல சூரியக் கடவுள் ஷமாஷ் முன்னால நின்னு ஆட்சி அடையாளத்தை வாங்கிக்கிட்டு இருப்பாரு. எல்லா இடத்துலயும் சேதி ஒண்ணுதான், மேல இருக்கிறவரு கீழ இருக்கிறவருக்கு சீல் குத்திக் கொடுத்துட்டாரு, எதிர்த்துப் பேசாத.

இந்தத் தெருவுல இஸ்ரவேலரோட புத்தகம் என்ன சொல்லுதுன்னா, எங்களுக்கு ராஜா வேண்டாம்னு ஆரம்பிக்குது. நியாயாதிபதிகள் புத்தகத்துல, மீதியானியரை ஜெயிச்ச கிதியோன்கிட்ட ஜனங்க வந்து நீயும் உன் புள்ளையும் எங்களை ஆளுங்கன்னு கேக்கும்போது, நானும் ஆள மாட்டேன் என் மகனும் ஆள மாட்டான், கர்த்தரே ஆளுவாருன்னு சொல்லிட்டுப் போறாரு. அடுத்த அதிகாரத்துலயே யோதாமோட கதை. மரங்க எல்லாம் சேர்ந்து ஒரு ராஜா தேடுதுங்க, ஒலிவ மரம் என் எண்ணெயை விட்டுட்டு வர மாட்டேங்குது, அத்தி மரம் என் பழத்தை விட்டுட்டு வர மாட்டேங்குது, திராட்சைக்கும் வேலை இருக்கு, கடைசியில ஒரு வேலையும் இல்லாத முள்செடி மட்டும் "வாங்க, என் நிழல்ல ஒதுங்குங்க"ன்னு கூப்பிடுது. முள்செடிக்கு ஏதுங்க நிழல்! அரசியலைப் பத்தி இவ்வளவு பழைய நக்கல் வேற எங்கயாவது இருக்கான்னு எனக்கு சந்தேகம்தான்.

இதுக்கெல்லாம் உச்சம் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரம். ஜனங்க வயசான சாமுவேல் தீர்க்கதரிசிகிட்ட வந்து மத்த நாட்டுக்காரங்களுக்கு இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு ராஜா வேணும்னு நிக்கிறாங்க. சாமுவேலுக்கு மனசு கஷ்டம். அப்போ கடவுள் சொல்றது, "அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, நான் அவர்களை ஆளாதபடிக்கு, என்னைத்தான் தள்ளினார்கள்". அப்படின்னா மனுஷ ராஜாங்கிற பதவியே கடவுளோட நாற்காலியில இன்னொருத்தரை உக்கார வைக்கிற வேலை. அதுக்கப்புறம் சாமுவேல் போடுற லிஸ்ட்டு இருக்கே, உங்க பசங்களைத் தன் ரதத்துக்கு முன்னால ஓட வைப்பான், பொண்ணுங்களை தைலம் காய்ச்சவும் சமைக்கவும் அப்பம் சுடவும் கூட்டிட்டுப் போவான், நல்ல வயலைப் புடுங்கி தன் ஆளுங்களுக்குக் கொடுப்பான், வெள்ளாமையில பத்துல ஒரு பங்கு, ஆட்டுல பத்துல ஒரு பங்கு, கடைசியில நீங்களே அவனுக்கு அடிமை, அப்போ கத்தினாலும் கடவுள் காது கொடுக்க மாட்டாரு. அவ்வளவையும் கேட்டுட்டு ஜனங்க "பரவால்ல, ராஜா வேணும்"ங்கிறாங்க. கடவுளும் சரி கொடுத்துடுன்னு சொல்லிடறாரு.

ஆனா கொடுத்தப்புறமும் கயிறு கையிலதான் இருக்கு. உபாகமம் 17ல ராஜாவுக்கு ரூல்ஸ் இருக்கு, குதிரை நெறைய வச்சுக்கக் கூடாது, பொண்டாட்டி நெறைய வச்சுக்கக் கூடாது, வெள்ளி பொன்னு குவிக்கக் கூடாது, சட்டப் புத்தகத்துக்கு ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு தினம் படிக்கணும். சாலமோனைப் பத்தி 1 ராஜாக்கள்ல வர்ற கணக்கு, வருஷத்துக்கு 666 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) பொன், 1400 ரதம், 12,000 குதிரைக்காரர், 700 மனைவி, 300 மறுமனையாட்டி. ஒவ்வொரு ரூலையும் மீறுனதுக்குக் கணக்கு எழுதி வச்ச மாதிரி இருக்கும். தாவீது அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டு அவனைப் போர்ல கொல்ல வச்சப்போ நாத்தான் தீர்க்கதரிசி நேரா அரண்மனைக்கே போய் "நீயே அந்த மனுஷன்"னு சொல்றாரு, நாபோத்தோட திராட்சைத் தோட்டத்தை அபகரிச்ச ஆகாபை எலியா தோட்டத்துலயே மடக்கிப் பிடிக்கிறாரு. பக்கத்து நாட்டுல கடவுளோட பேச்சு ராஜாவுக்கு ஆதரவா வரும், இங்க ராஜாவைத் தேடி வந்து திட்டுது.

இதை மட்டும் சொல்லி நிறுத்துனா பாதி உண்மைதான். அதே பைபிள்ல ராஜாவைத் தூக்கிப் பிடிக்கிற பகுதியும் இருக்கு. 2ஆம் சங்கீதத்துல கடவுள் ராஜாவைப் பாத்து "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்"ங்கிறாரு, 110ஆம் சங்கீதத்துல வலது பக்கம் உக்காரச் சொல்றாரு, 2 சாமுவேல் 7ல தாவீதோட சிங்காசனம் என்னைக்கும் நிக்கும்னு வாக்கு கொடுக்கிறாரு. எகிப்து, பாபிலோன் வாசம் இதுல அடிக்கத்தான் செய்யுது, இல்லைன்னு மழுப்ப வேண்டியதில்ல. வித்தியாசம் என்னன்னா இந்த ராஜா தத்துப்புள்ளை மாதிரி, பொறக்கும்போதே தெய்வம் இல்ல. எண்ணெய் ஊத்தி அபிஷேகம் பண்ணா அந்தப் பதவி. அபிஷேகம் பண்ணப்பட்டவருக்கு எபிரேயத்துல மேசியா, கிரேக்கத்துல கிறிஸ்து. ஆக கிறிஸ்துங்கிறது இயேசுவோட இனிஷியலோ குடும்பப் பேரோ இல்ல, அது ஒரு ராஜ பட்டம், நாம இன்னைக்கு அதை வெறும் பேராத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

சுமார் கி.மு. 586ல பாபிலோன்காரன் எருசலேமை எரிச்சு ராஜாவைக் கண்ணைக் குத்தி இழுத்துட்டுப் போயிட்டான். சிங்காசனம் போச்சு, வாக்கு மட்டும் மிச்சம். உக்கார நாற்காலி இல்லாத வாக்கு என்ன ஆகும், வருங்காலத்துக்குப் போகும். கழுதை மேல வர்ற ராஜான்னு சகரியா, மேகத்து மேல வர்ற மனுஷகுமாரன்னு தானியேல், இப்படி ஆளுக்கொரு படம் வரைஞ்சுக்கிட்டு காத்திருந்தாங்க.

இயேசு பொறந்த காலத்துக்கு வந்தா அங்க ஏற்கனவே ஒரு "யூதர்களின் ராஜா" இருக்காரு, ஏரோது. கி.மு. 40ல ரோம செனட் கொடுத்த பட்டம் அது, மூணு வருஷம் சண்டை போட்டுத்தான் எருசலேமைப் பிடிச்சாரு. கிழக்குல இருந்து வந்த ஞானிகள் அவரு ஊர்லயே வந்து "யூதர்களின் ராஜாவா பொறந்தவர் எங்க?"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? பொறந்தவர்ங்கிற சொல்லுலயே குத்தல் இருக்கு, நீ நியமனம்தானேன்னு.

ஏரோதுக்கு மேல ரோம் சக்கரவர்த்தி, அதாவது சீசர், அகஸ்துஸ். தன் வளர்ப்பு அப்பா ஜூலியஸ் சீசரை செத்தப்புறம் செனட் தெய்வமா அறிவிச்சதால இவரு காசுல தன்னை "தெய்வத்தின் மகன்"னு போட்டுக்கிட்டாரு. இப்போ துருக்கியில இருக்கிற ப்ரியேனேங்கிற ஊர்ல கிடைச்ச கி.மு. 9ஆம் வருஷத்துக் கல்வெட்டுல ஆசியா மாகாணத்துக்காரங்க அகஸ்துஸோட பொறந்தநாளை வருஷப்பிறப்பா மாத்துறாங்க, இந்தத் தெய்வத்தோட பொறந்தநாள்தான் உலகத்துக்கு அவரால வந்த நற்செய்தியோட ஆரம்பம்னு எழுதுறாங்க. நற்செய்திக்கு அங்க இருக்கிற கிரேக்கச் சொல்லும் மாற்கு தன் புத்தகத்தோட முதல் வரியில போடுற சொல்லும் ஒரே வேர்தான். மீட்பர், ஆண்டவர், தேவ குமாரன் எல்லாமே அப்போ சீசரைப் பத்தி தெருவுல புழங்குன வார்த்தைங்க. முதல் கிறிஸ்தவங்க புதுசா பக்தி வார்த்தை கண்டுபிடிக்கல, கவர்மெண்ட் போஸ்டர்ல இருந்த வார்த்தைகளைக் கிழிச்சு எடுத்து ஒரு தச்சன் மேல ஒட்டுனாங்க, அதுவும் ரோம் கொன்ன தச்சன் மேல.

இங்க ஒரு சின்ன விஷயம். பழைய தமிழ் பைபிள்ல சீசரை "இராயன்"னு மொழிபெயர்த்திருப்பாங்க, "இராயனுடையதை இராயனுக்கும்"னு. கிருஷ்ணதேவராயர்ல வர்ற அதே ராயர்தான். மொழிபெயர்த்தவங்க செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிக்கும், சீசர்னு எழுதுனா அது எங்கயோ ஐரோப்பாவுல இருக்கிற ஆளு, இராயன்னா நம்ம தாத்தன் பூட்டன்கிட்ட வரி வாங்குன ஆளு. சீசருக்கு வரி கட்டலாமான்னு கேட்டவங்ககிட்ட இயேசு வரிக் காசைக் காட்டச் சொல்லிட்டுச் சொன்ன பதில் அது. அந்தக் கேள்வியே ராஜாவைப் பத்துனதுதான், பல ஆய்வாளர்கள் நினைக்கிற மாதிரி அந்தக் காசு அகஸ்துஸுக்கு அடுத்து வந்த சீசர் திபேரியுஸோட தெனாரியமா இருந்தா அதுல "தெய்வமான அகஸ்துஸின் மகன்"னு பொறிச்சிருக்கும், அந்தக் காசைக் கையில வச்சுக்கிட்டு "தேவனுடையதை தேவனுக்கு"ன்னு சொல்றது சும்மா வரி ஆலோசனை இல்ல.

இயேசு "கடவுளோட ராஜ்யம் கிட்ட வந்துடுச்சு"ன்னுதான் பேசவே ஆரம்பிக்கிறாரு, ஆனா தன்னை ராஜாவாக்க வந்த கூட்டத்தைப் பாத்தா மலைக்கு ஓடிடறாரு, யோவான் 6ல இருக்கு. அப்பம் கொடுத்த அடுத்த நிமிஷம் கூட்டம் தலைவான்னு வர்றது அன்னைக்கும் அப்படித்தான் போல. எருசலேமுக்குள்ள குதிரையில வராம கழுதையில வர்றாரு. ரெண்டு சீஷர்கள் பதவி கேட்டு வந்தப்போ எல்லா சீஷர்களையும் கூப்பிட்டு, மத்த நாட்டு ராஜாக்கள் ஜனங்களை அடக்கி ஆள்றாங்க, உங்களுக்குள்ள அப்படி இருக்கக் கூடாது, பெரியவனா இருக்க நினைக்கிறவன் வேலைக்காரனா இருக்கட்டும்ங்கிறாரு. அப்புறம் ரோம சிப்பாய்ங்க நடத்துற அந்தப் பட்டாபிஷேகம், செவப்பு அங்கி, முள் கிரீடம், கையில செங்கோலுக்கு பதிலா நாணல் குச்சி, முட்டி போட்டு "யூதர்களின் ராஜாவே வாழ்க". யோதாம் கதையில நிழல் இல்லாத முள்செடி ராஜா ஆச்சு, இங்க ராஜா தலையில முள் வந்து உக்காருது, எழுதுனவங்க அதை நினைச்சாங்களான்னு சொல்ல முடியாது, எனக்கு ஒவ்வொரு தடவையும் அது ஞாபகம் வரும்.

பிலாத்து முன்னால சொன்ன "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல"ங்கிற வரியை நெறைய பேர், சரி அப்போ அது மேலோகத்து சமாச்சாரம், அரசியலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு எடுத்துக்கிறாங்க. அடுத்த வரியையும் சேர்த்துப் படிச்சா அப்படி வராது. இந்த உலகத்து ராஜ்யமா இருந்தா என் ஆளுங்க என்னைப் பிடிக்க விடாம சண்டை போட்டிருப்பாங்களேங்கிறாரு. இந்த உலகத்துல இருந்து முளைச்சது இல்ல, இந்த உலகத்து ராஜ்யங்க நிக்கிற வழியில நிக்கிறது இல்லன்னு அர்த்தம், இந்த உலகத்தைத் தொடாதுன்னு இல்ல. தொடாத ராஜ்யத்துக்காக யாரும் யாரையும் சிலுவையில அடிக்க மாட்டாங்க. அதே காட்சியில கோவில் தலைமைக் குருக்களே "இராயனேயல்லாமல் எங்களுக்கு வேறே ராஜா இல்லை"ன்னு கத்துறாங்க. கிதியோன் சொன்னதையும் சாமுவேல் கேட்டதையும் படிச்சு வளர்ந்தவங்க வாயில இருந்து வர்ற அந்த வரிதான் யோவான் வைக்கிற பெரிய சோகம்.

ரோம் இதை நல்லாவே புரிஞ்சுக்கிச்சு. தெசலோனிக்காவுல, இயேசுவைப் பத்தி ஊர் ஊராப் போய் பிரசங்கம் பண்ண பவுல் கூட்டத்து மேல போட்ட புகாரே "இயேசுன்னு வேற ஒரு ராஜா இருக்கான்னு சொல்றாங்க"ங்கிறதுதான். இரண்டாம் நூற்றாண்டு நடுவுல ஸ்மிர்னா ஊர் பிஷப் பாலிகார்ப்பை அரங்கத்துல நிறுத்தி கிறிஸ்துவைத் திட்டு விட்டுடறோம்ங்கிறாங்க, கிழவர் சொல்றாரு, 86 வருஷம் அவருக்கு ஊழியம் பண்ணேன், எனக்கு ஒரு கெடுதலும் பண்ணல, என்னைக் காப்பாத்துன என் ராஜாவை எப்படித் திட்டுவேன்? அவரு சாவைப் பத்தி சபை எழுதி அனுப்புன கடிதத்தோட கடைசியில தேதி போடும்போது ஆளுநர் பேரு எல்லாம் முறைப்படி போட்டுட்டு, ஆனா என்னைக்கும் ராஜாவா இருக்கிறது இயேசு கிறிஸ்துன்னு சேர்த்திருக்காங்க. தேதி போடுற இடத்துலயே ஒரு எதிர்ப்பு.

அப்புறம் ரோம சக்கரவர்த்தியா கான்ஸ்டன்டைன் வந்தாரு, கதை தலைகீழாச்சு. 313ல கிறிஸ்தவங்களுக்கு சுதந்திரம் கிடைச்சுது, 336 வாக்குல பிஷப் யூசேபியுஸ் அவரோட முப்பது வருஷ ஆட்சி விழாவுல பேசும்போது, வானத்துல ஒரே கடவுள் இருக்கிற மாதிரி பூமியில ஒரே சக்கரவர்த்தி, அவரு அந்தப் பரலோக ஆட்சியோட சாயல்னு சொல்றாரு. நாராம்சின் கல்லுல பாத்த கொம்பு பின்வாசல் வழியா வந்த மாதிரிதான். ஆனா நாத்தானோட பரம்பரையும் செத்துப் போகல. 390ல தெசலோனிக்காவுல ஒரு கலவரத்துக்குப் பழி வாங்க தியோடோசியுஸ் ஊர் ஜனங்களைக் கொன்னு குவிச்சப்போ மிலான் பிஷப் அம்ப்ரோஸ், தவம் பண்ணாம நற்கருணை, அதாவது பூசையில கொடுக்கிற அப்பம், கிடையாதுன்னு நிறுத்தி வச்சாரு, சக்கரவர்த்தி பணிஞ்சாரு.

இதே காலத்துல இன்னொரு சண்டை, பாக்க சின்னது. அங்கிரா ஊர் பிஷப் மார்செல்லுஸ், கடைசி நாள்ல கிறிஸ்து எல்லாத்தையும் பிதாகிட்ட ஒப்படைச்சிடுவாருன்னு 1 கொரிந்தியர் 15ல இருக்கே, அப்போ கிறிஸ்துவோட ஆட்சிக்கு முடிவு உண்டுன்னு விளக்கம் சொன்னாரு. 325 நைசீயா விசுவாச அறிக்கையில அதைப் பத்தி ஒண்ணும் இல்ல, 381ல கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோட சேர்த்துச் சொல்ற அறிக்கையில அவரோட ராஜ்யத்துக்கு முடிவே இல்லங்கிற வரி வந்து உக்காந்திருக்கு. ஞாயித்துக்கிழமை தூக்கக் கலக்கத்துல ஒப்பிக்கிற வரி ஒவ்வொண்ணுக்கும் பின்னால யாரோ ஒருத்தர் வாங்கிக் கட்டிக்கிட்ட கதை இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி ஒரு தங்கக் காசு. பைசாண்டியத்துல, அதாவது கிழக்கு ரோம சாம்ராஜ்யத்துல, சக்கரவர்த்தி இரண்டாம் ஜஸ்டினியன் 692 வாக்குல அடிச்சது. அதுவரைக்கும் காசோட முன்பக்கம் சக்கரவர்த்தி முகம்தான், இவரு கிறிஸ்து முகத்தைப் போட்டு "ஆள்பவர்களின் ராஜா"ன்னு எழுதுனாரு, தான் பின்பக்கத்துக்குப் போய் சிலுவையைப் பிடிச்சுக்கிட்டு "கிறிஸ்துவின் அடிமை"ன்னு போட்டுக்கிட்டாரு. என்ன பணிவுன்னு தோணும். ஆனா யோசிச்சா, கிறிஸ்துவோட அடிமைன்னா கிறிஸ்துவைத் தவிர வேற யாரும் என்னைக் கேள்வி கேக்க முடியாதுன்னும் ஆகுது. ஜனங்க கேட்டுட்டாங்க. 695ல கலகம் பண்ணி மூக்கை அறுத்து ஊரை விட்டுத் துரத்துனாங்க, நாம சும்மா சொல்லுவோமே மூக்கறுபட்டான்னு, இவருக்கு நெஜமாவே. மனுஷன் பத்து வருஷம் கழிச்சு 705ல திரும்பி வந்து மறுபடியும் ஆண்டாரு, அது வேற கதை.

மேற்கு ஐரோப்பாவுல சவுல், தாவீது கதையை மாதிரியா வச்சு ராஜாவுக்கு எண்ணெய் பூசுற வழக்கம் பிடிச்சுக்கிச்சு, பிராங்கு நாட்டு பெப்பின் 751ல அப்படித்தான் பழைய வம்சத்தைத் தள்ளிட்டு வந்தாரு. எண்ணெய் பட்ட கைக்கு சக்தி உண்டுன்னு நம்பிக்கை. கண்டமாலைன்னு நம்ம ஊர்ல சொல்ற கழுத்துக் கட்டி நோய்க்கு இங்கிலாந்து, பிரான்ஸ் ராஜாக்கள் தொட்டு வைத்தியம் பாத்தாங்க. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனை ரெண்டரை வயசுல அவங்க அம்மா 1712ல லண்டனுக்குத் தூக்கிட்டுப் போய் ஆன் ராணிகிட்ட தொட வச்சாங்க, நோய் போகல, ராணி கொடுத்த காசை மட்டும் கடைசி வரைக்கும் கழுத்துல போட்டிருந்தாரு. பிரான்ஸ்ல 1825ல கூட பத்தாம் சார்லஸ் பட்டமேத்துக்கிட்டப்போ நூத்துச் சொச்சம் பேரைத் தொட்டாரு, அஞ்சே வருஷத்துல புரட்சி வந்து அவரையே வீட்டுக்கு அனுப்பிடுச்சு.

ராஜாவுக்கு தெய்வ உரிமைன்னு பாடம் எடுத்தவர்ல பேர் போனவரு இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ். 1610ல பார்லிமெண்ட்ல, ராஜாக்கள் பூமியில கடவுளோட பிரதிநிதி மட்டுமில்ல, கடவுளே அவங்களை தெய்வங்கள்னு கூப்பிடுறாருன்னு பேசுனாரு. இதே ஆள் ஸ்காட்லாந்துக்கு மட்டும் ராஜாவா இருந்த 1596ல ஃபாக்லேண்ட் அரண்மனையில ஆண்ட்ரூ மெல்வில்ங்கிற குருவானவர் அவரோட சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து, நீர் கடவுளோட அற்ப ஊழியக்காரன், ஸ்காட்லாந்துல ரெண்டு ராஜா உண்டு ரெண்டு ராஜ்யம் உண்டு, கிறிஸ்து ராஜா, அவரோட ராஜ்யம் சபை, அதுல நீர் ராஜாவும் இல்ல தலைவரும் இல்ல வெறும் உறுப்பினர்னு சொல்லியிருந்தாரு. ஜேம்ஸ் மறக்கல. 1610ல அவரு பார்லிமெண்ட்ல பேசுறப்போ மெல்வில் லண்டன் டவர் சிறையில இருந்தாரு, 1607ல போட்டாங்க, 1611லதான் விட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே நம்பிக்கையில நின்னுக்கிட்டுத்தான் பேசுனாங்கங்கிறதை கவனிங்க. கடவுள் ராஜா, அதனால நான் அவரோட ஆளுன்னு ஒருத்தர். கடவுள் ராஜா, அதனால நீ வெறும் ஆளுன்னு இன்னொருத்தர்.

ஜேம்ஸோட மகன் சார்லஸ் தலையை 1649 ஜனவரி 30ல வெட்டுனாங்க. அழியுற கிரீடத்துல இருந்து அழியாத கிரீடத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு செத்தாரு, ஆங்கிலிக்கன் சபை அந்த நாளை 1859 வரைக்கும் ஜெபப் புத்தகத்துல தியாகி நாளா வச்சிருந்துச்சு. எதிர்ப்பக்கம் ஒரு கூட்டம் இயேசுவைத் தவிர ராஜா கிடையாதுன்னு சொல்லி 1661ல லண்டன் தெருவுல வாள் எடுத்துக்கிட்டு கிளம்புச்சு, சில நாள்ல அடக்கிட்டாங்க. இதுக்கு முன்னாடியே 1528ல ஃப்ளாரன்ஸ் குடியரசு மெடிசி குடும்பத்தை விரட்டிட்டு இனிமே எங்க ராஜா கிறிஸ்துதான்னு சபை கூட்டி அறிவிச்சுது, ரெண்டு வருஷத்துல மெடிசி திரும்பி வந்துட்டாங்க. பழைய அரண்மனை வாசல்ல "ராஜாதி ராஜா, கர்த்தாதி கர்த்தா"ன்னு லத்தீன்ல இன்னைக்கும் இருக்கு, உள்ள உக்காந்து ஆண்டது என்னமோ மெடிசிதான்.

இப்போ 1925. கத்தோலிக்க கோயில்கள்ல நவம்பர் கடைசியில நற்கருணை பவனியோட கொண்டாடுற கிறிஸ்து அரசர் பெருவிழா ஏதோ அப்போஸ்தலர் காலத்துல இருந்து வர்றதுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அதுக்கு வயசு நூறுதான். போப் 11ஆம் பயஸ் 1925 டிசம்பர் 11ல சுற்றுமடல் போட்டு ஏற்படுத்துனாரு. அந்த நேரத்தைப் பாருங்க, ரஷ்யாவுல ஜார் போயாச்சு, ஜெர்மனியில கைசர் போயாச்சு, ஆஸ்திரியாவுல ஹாப்ஸ்பர்க் போயாச்சு, எண்ணெய் பூசுன வம்சம் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சு கிடக்கு, காலியான இடத்துல புதுசா தலைவர்கள் உக்காந்துக்கிட்டு இருக்காங்க. அதே வருஷம் ஜனவரியிலதான் முசோலினி இத்தாலி பார்லிமெண்ட்ல நின்னு தன்னோட சர்வாதிகாரத்தை மறைக்காம அறிவிச்சாரு. 1870ல ரோமை இத்தாலிகிட்ட இழந்ததுல இருந்து போப் வத்திக்கானை விட்டு வெளிய வர்றதில்ல. அப்படி மூலையில உக்காந்திருந்தவரு, கிறிஸ்துவோட ஆட்சி தனி மனுஷன் மனசுக்கு மட்டும் இல்ல, நாடுகளுக்கும் அரசாங்கங்களுக்கும் சேர்த்துத்தான்னு எழுதுறாரு. அறிக்கை விட்டா படிச்சவன் நாலு பேர் ஒரு தடவை படிப்பான், திருவிழா வச்சா வருஷா வருஷம் எல்லார் மனசுலயும் இறங்கும்ங்கிற மாதிரி ஒரு காரணமும் சொல்றாரு, அது ரொம்ப விவரமான பேச்சு.

அந்தத் திருவிழா உடனே ரத்தத்துல நனைஞ்சுது, மெக்சிகோவுல. 1926ல காயெஸ் அரசாங்கம் சபைக்கு எதிரான சட்டங்களைக் கடுமையாக்குச்சு, ஆயர்கள் பொது வழிபாட்டையே நிறுத்துனாங்க, விவசாயிங்க துப்பாக்கி எடுத்தாங்க, 1929 வரைக்கும் சண்டை. அவங்க கோஷம் "வீவா கிறிஸ்தோ ரேய்", கிறிஸ்து அரசர் வாழ்க. இந்தக் கோஷத்தாலயே அவங்களுக்கு கிறிஸ்தேரோன்னு பேரு வந்துச்சு. மிகேல் ப்ரோன்னு ஒரு இயேசு சபை குரு, வேஷம் மாத்திக்கிட்டு ரகசியமா பூசை வச்சவரு, அவரை ஒரு குண்டுவெடிப்பு வழக்குல சேர்த்து விசாரணையே இல்லாம 1927 நவம்பர் 23ல சுட்டாங்க. கையை சிலுவை மாதிரி விரிச்சுக்கிட்டு அந்தக் கோஷத்தைச் சொல்லிட்டு நின்னாரு. மத்தவங்க பயப்படட்டும்னு அரசாங்கமே போட்டோகிராஃபரை வர வச்சிருந்துச்சு, அந்தப் படம்தான் வீட்டுக்கு வீடு பூசை படமா போச்சு. மறுபடியும் பிலாத்தோட பலகைதான், அவமானப்படுத்த மாட்டுனது வேற மாதிரி வாசிக்கப்படுது.

அதே கோஷம் வேற கைக்கும் போச்சுங்கிறதையும் சொல்லணும். பெல்ஜியத்துல லியோன் தெக்ரெல் நடத்துன ரெக்ஸ் கட்சிக்குப் பேரு வந்ததே கிறிஸ்து அரசர்ங்கிற லத்தீன் சொல்லுல இருந்துதான், அது கடைசியில நாஜிகளோட கூட்டாளி ஆயிடுச்சு. ஸ்பெயின்ல பிராங்கோ பக்கத்து ஆளுங்களும் கிறிஸ்து அரசர்னு கத்திக்கிட்டு சுட்டாங்க. ஜெர்மனியிலயோ நேர் எதிரா நடந்துச்சு, 1934 மே மாசம் பார்மென் ஊர்ல கூடுன ப்ராட்டஸ்டண்டுகள், எங்க வாழ்க்கையில கிறிஸ்துவுக்குச் சொந்தமில்லாம வேற எஜமானுங்களுக்குச் சொந்தமான பகுதி ஏதும் இருக்குங்கிற போதனையை மறுக்கிறோம்னு அறிக்கை விட்டாங்க, யாரைச் சொல்றாங்கன்னு ஹிட்லர் ஆளுங்களுக்கு அகராதி தேவைப்படல. எப்போ இந்த நம்பிக்கை நல்லா வேலை செய்யுது எப்போ நாறுதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுல ஒரே சோதனைதான், "கிறிஸ்து ராஜா"ன்னு சொல்றவன் அதை நாற்காலியில உக்காந்து சொல்றானா, நாற்காலியைப் பாத்து சொல்றானா.

ரோமும் மெல்ல மெல்ல தொனியை மாத்திக்கிச்சு. போப்புக்கு மூணடுக்கு கிரீடம் வைக்கிற வழக்கம் 1963ல 6ஆம் பவுலோட நின்னுச்சு, அவரே அடுத்த வருஷம் அந்தக் கிரீடத்தைக் கழட்டி ஏழைகளுக்குன்னு பீடத்துல வச்சிட்டாரு. 1969ல திருவிழாவை அக்டோபர் கடைசியில இருந்து வழிபாட்டு வருஷத்தோட கடைசி ஞாயிறுக்கு மாத்தி, பேரையும் அனைத்துலக அரசர்னு நீட்டுனாங்க. நாடுகளை ஆள வர்ற அரசர்ங்கிற அழுத்தம் குறைஞ்சு காலத்தோட முடிவுல வர்ற அரசர்ங்கிற பக்கம் சாய்ஞ்சுது. தமிழ்லயும் இந்த மாதிரி ஒரு நகர்வு இருக்கு, பழைய மொழிபெயர்ப்புல தேவனுடைய ராஜ்யம், 1995ல வந்த பொது மொழிபெயர்ப்புல இறையாட்சி. மூலத்துல இருக்கிற கிரேக்கச் சொல்லு ஆள்ற இடம், ஆள்ற செயல் ரெண்டையும் சொல்லும். ராஜ்யம்னா எல்லை, கோட்டை, வேலி எல்லாம் மனசுக்கு வரும், ஆட்சின்னா நடக்கிற ஒண்ணு. எனக்கு இறையாட்சிதான் பொருத்தமா தெரியுது, பாட்டுக்கு மட்டும் ராஜாதி ராஜாவை விட்டுக் கொடுக்க மனசு வராது.

ஐரோப்பாவுல ராஜாவுக்கு எண்ணெய் பூசுற வழக்கம் மிச்சம் இருக்கிற இடம் லண்டன். 2023 மே 6ல மூணாம் சார்லஸுக்கு ஒலிவ மலையில வெளைஞ்ச காயில எடுத்து எருசலேம்ல மந்திரிச்ச எண்ணெயை, மூணு பக்கமும் திரை கட்டி கேமராவுக்குக் காட்டாம பூசுனாங்க. அதுக்கு முன்னாடி, ஆரம்பத்துலயே, பாடகர் குழுவுல இருந்து ஒரு சின்னப் பையன் வந்து ராஜாதி ராஜா பேரால உங்களை வரவேற்கிறோம்னு சொல்ல, அவரு நான் ஊழியம் வாங்க வரல, ஊழியம் செய்ய வந்தேன்னு பதில் சொன்னாரு. வைரம் பதிச்ச கிரீடம் வச்சுக்கிறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டிய வசனமா அதுன்னு சிரிப்பு வந்தாலும், குறைஞ்சபட்சம் யாரோட வசனத்தைக் கடன் வாங்குறோம்னு சொல்லிட்டுத்தான் வாங்குனாரு.

பெருவிழாவுக்கு நற்செய்தி வாசகம் மூணு வருஷ சுற்றுல மாறி மாறி வரும். ஒரு வருஷம் மத்தேயு 25, பசியா இருந்தேன் சோறு கொடுத்தீங்கன்னு அரசர் சொல்ற பகுதி. அடுத்த வருஷம் பிலாத்தோட விசாரணை. மூணாவது லூக்கா 23. நூறாவது வருஷமான 2025ல பெருவிழா நவம்பர் 23ல வந்துச்சு, மிகேல் ப்ரோவைச் சுட்ட அதே தேதி, வாசிச்சது லூக்கா. அதுல சிங்காசனம் கிடையாது, தூக்குமேடை காட்சி. தலைவருங்க கேலி பண்றாங்க, நீ ராஜான்னா உன்னையே காப்பாத்திக்கயேன்னு சிப்பாய்ங்க கேலி பண்றாங்க, மேல பலகையில இவன் யூதர்களின் ராஜான்னு எழுதி மாட்டியிருக்கு, பக்கத்துல தொங்குற குற்றவாளி ஒருத்தனும் சேர்ந்து பழிக்கிறான். இன்னொருத்தன் மட்டும் தலையைத் திருப்பி, இயேசுவே, நீங்க உங்க ராஜ்யத்துக்கு வரும்போது என்னை நினைச்சுக்கோங்கன்னு கேக்குறான். அங்க இருந்தவங்கள்ல அந்தப் பலகையை நெஜம்னு வாசிச்சவன் அவன் ஒருத்தன்தான்.